கொழும்புத் துப்பாக்கிகளும் மாத்தளைப் பெற்றோரின் பயமும்

மாத்தளை மாவட்டத்தில் உக்குவளை, ரத்தோட்டை, எல்கடுவ பகுதித் தோட்டங்களில் கொழும்புக்குப் பிள்ளைகளை அனுப்பாத லயன் தேடிப்பார்த்தாலும் கிடைப்பது அரிது. புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகள், கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி களஞ்சியங்கள், வெள்ளவத்தை சாப்பாட்டுக் கடைகள், பங்களாக்களின் சமையலறைகள் எல்லாவற்றிலும் மலையகப் பிள்ளைகளின் உழைப்பு இருக்கிறது. சம்பளம் சரியாகக் கிடைக்கிறதா, தங்குமிடம் ஒழுங்கானதா என்பதே பெற்றோரின் பழைய கவலை. அண்மைக் காலத்தில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. இரவு கடை பூட்டியபின் பிள்ளை எந்தத் தெருவால் நடந்துபோகிறது என்ற கவலை அது.

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அதை யாரும் மிகைப்படுத்தல் என்று ஒதுக்க முடியாது. ஆனால், பயந்த மக்களிடம் 'எங்களிடம் விட்டுவிடுங்கள், எப்படிச் செய்கிறோம் என்று கேட்காதீர்கள்' என்று அரசு சொல்லும்போது என்ன நடக்கும் என்பதை இலங்கையில் மாத்தளையும் அறியும், தமிழரும் அறிவர். இக்கட்டுரை அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது.

என்ன நடக்கிறது?

2024 ஜூலை 8 அன்று அத்துருகிரியவில், பச்சை குத்தும் நிலையம் ஒன்றின் திறப்பு விழாவில் 'கிளப் வசந்த' என அறியப்பட்ட வர்த்தகர் உட்பட இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பட்டப்பகலில், விருந்தினர் நடுவே நடந்த கொலை அது. 2025 பெப்ரவரி 18 அன்று மித்தெனியவில் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த தந்தையும் அவரது இரு சிறு பிள்ளைகளும் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். மறுநாள் 19 ஆம் திகதி, கொழும்பு புதுக்கடை நீதவான் நீதிமன்றத்தின் உள்ளே, சிறையிலிருந்து அழைத்துவரப்பட்டிருந்த பாதாளக் குழுத் தலைவர் கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணி போல உடையணிந்து வந்திருந்தார். உள்ளே குடையப்பட்ட புத்தகமொன்றில் துப்பாக்கி கொண்டுவரப்பட்டிருந்தது.

அதற்கு இரண்டு நாட்களின் பின், தமிழர் செறிந்து வாழும் கொட்டாஞ்சேனையில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அதே ஆண்டு ஒக்டோபர் 22 அன்று வெலிகம பிரதேச சபையின் தவிசாளர் தனது அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வேளையில் ஊடகங்களில் வெளியான கணக்கின்படி, 2025 இல் மட்டும் நூறுக்கு மேற்பட்ட துப்பாக்கிப் பிரயோகச் சம்பவங்கள் பதிவாகியிருந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர்.

இவற்றில் பெரும்பாலானவை போதைப்பொருள் வியாபாரத்தில் ஈடுபடும் குழுக்களுக்கு இடையிலான பழிவாங்கல்கள் என்று பொலிஸார் சொல்கிறார்கள். அது பொதுவாகச் சரியாக இருக்கலாம். ஆனால், நீதிமன்றத்துக்குள்ளும் அரச அலுவலகத்துக்குள்ளும் துப்பாக்கி நுழைய முடியுமென்றால், தெருவோரத் தேநீர்க் கடையில் நிற்கும் ஒருவருக்கு 'இது உன் சண்டையல்ல' என்று சொல்வதில் என்ன ஆறுதல் இருக்கிறது? சூட்டுக்கு இலக்கானவர் யார் என்பதைப் பக்கத்தில் நிற்கும் கடைப் பையனுக்கு வரும் சன்னம் விசாரித்துப் பார்ப்பதில்லை.

துப்பாக்கியும் சுடுபவரும்

கொலைக்கான கட்டளை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. குழுத் தலைவர்கள் டுபாய் போன்ற நகரங்களில் இருந்தபடி தொலைபேசியில் ஆட்களை இயக்குகிறார்கள். 2025 ஓகஸ்ட் இறுதியில் 'கெஹெல்பத்தர பத்மே' உள்ளிட்ட ஒரு குழுவினர் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் கைதுசெய்யப்பட்டு நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். உள்ளூரில் மோட்டார் சைக்கிளை ஓட்ட ஒருவர், சுட ஒருவர், தகவல் கொடுக்க ஒருவர் என்று கூலிக்கு ஆட்கள் சேர்க்கப்படுகிறார்கள். பணத்தேவையும் போதைப் பழக்கமும் உள்ள இளைஞர்கள் இதற்கு இலகுவில் அகப்படுகிறார்கள்.

ஆயுதத்தின் கதை போருடன் தொடர்புடையது. இந்தக் கொலைகள் பலவற்றில் பயன்படுவது டி-56 ரகத் துப்பாக்கி. இலங்கைப் படையினர் போர்க்காலத்தில் தோளில் சுமந்தது அதைத்தான். சுடப் பழகிய கைகளும் அங்கிருந்தே வருகின்றன. படையிலிருந்து தப்பியோடியவர்கள் குற்றக் குழுக்களுக்குக் கூலிக்கு வேலை செய்வதை அரசே ஏற்றுக்கொண்டு, அவர்களைக் கைதுசெய்யும்படி 2025 பெப்ரவரியில் உத்தரவிட்டது. போர் முடிந்து பதினாறு ஆண்டுகளின் பின்னரும் அதன் துப்பாக்கி ஓயவில்லை. குறி மட்டும் மாறியிருக்கிறது.

மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டு மறையும் முறையும் தமிழருக்குப் புதிதல்ல. 2006 நவம்பர் 10 அன்று யாழ். மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொழும்பு நாரஹேன்பிட்டியில் அப்படித்தான் கொல்லப்பட்டார். பத்து ஆண்டுகளின் பின், 2016 டிசெம்பரில், கடற்படையினர் உள்ளிட்ட எதிரிகள் அனைவரையும் சிங்கள ஜூரர்கள் குற்றமற்றவர்கள் என்று முடிவுசெய்தார்கள். கொலை நடந்தது உண்மை. கொலையாளி யார் என்பதற்கு இன்றுவரை சட்டத்தில் பதில் இல்லை. கூலிக்குச் சுடுபவர் முதலில் போடும் கணக்கு, பிடிபட்டுத் தண்டனை பெற எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதே. அந்தக் கணக்கை அவருக்குச் சாதகமாக்கியது இத்தகைய வழக்குகள்தான்.

பொலிஸ் தரும் விடை

குற்றம் பெருகும்போதெல்லாம் அரசு ஒரு 'நடவடிக்கை'யை அறிவிக்கிறது. 2023 டிசெம்பர் 17 அன்று தொடங்கிய 'யுக்திய' அப்படியானது. 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் அதுபற்றிக் கவலை வெளியிட்டபோது கைதானோர் எண்ணிக்கை 29,000 ஐத் தாண்டியிருந்தது. வீடு வீடாகச் சோதனைகள் நடந்தன. கெமராக்களின் முன்னால் ஏழைகள் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். அதே மாதம் 18 ஆம் திகதி நாரம்மலவில் சிவிலுடையில் நின்ற பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் லொறிச் சாரதி ஒருவர் உயிரிழந்தார். தவறுதலாகச் சுடப்பட்டது என்றது பொலிஸ்.

அந்த நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய தேசபந்து தென்னக்கோன், ஒருவரைச் சித்திரவதை செய்ததற்குப் பொறுப்பாளி என்று அதே 2023 டிசெம்பரில்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதன் பின்னரும் 2024 பெப்ரவரியில் அவர் பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். 2023 டிசெம்பர் 31 அன்று வெலிகமவில் ஹோட்டலொன்றின் முன்பாகக் கொழும்புக் குற்றப்பிரிவினரும் வெலிகம பொலிஸாரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் இறந்தார். இந்த விவகாரத்தில் தென்னக்கோன் தேடப்பட்டு, 2025 மார்ச்சில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். 2025 ஓகஸ்ட் 5 அன்று நாடாளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

இன்னொரு வழக்கம், கைதான சந்தேகநபர் காவலில் இருக்கும்போதே இறந்துபோவது. 'ஆயுதத்தைக் காட்ட அழைத்துச் சென்றோம், எங்கள் துப்பாக்கியைப் பறிக்க முயன்றார், சுட வேண்டியதாயிற்று' என்பது எழுதி வைத்த வசனம் போலாகிவிட்டது. 2020 ஒக்டோபரில் மாக்கந்துரே மதூஷ் மாளிகாவத்தையில் கொல்லப்பட்டார். 2021 மே மாதத்தில் 'ஊரு ஜுவா', கொஸ்கொட தாரக்க இருவரும் இரண்டு நாள் இடைவெளியில் பொலிஸ் காவலில் கொல்லப்பட்டார்கள். 2025 பெப்ரவரி கொட்டாஞ்சேனைக் கொலையில் கைதான இருவரும் விடிவதற்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

'போகட்டும், கெட்டவர்கள்தானே' என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், இறந்த சந்தேகநபர் சாட்சி சொல்ல மாட்டார். பணம் கொடுத்தவர் யார், துப்பாக்கி கொடுத்தவர் யார், கண்டுகொள்ளாமல் இருந்த அதிகாரி யார், பின்னால் நின்ற அரசியல்வாதி யார் என்பவை அவருடனேயே புதைந்துபோகின்றன. காவல் மரணம் குற்றச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை அறுத்து, மற்றக் கண்ணிகளைக் காப்பாற்றுகிறது.

மாத்தளை மண்ணில் கிடந்தவை

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் நிலம் தோண்டப்பட்டபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. தொடர்ந்த அகழ்வில் 150 க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ அவை 1980 களின் பிற்பகுதிக்கு உரியவை என்று அறிக்கையிட்டார். பின்னர் அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் முடிவு காலத்தை அதற்கும் பல பத்தாண்டுகள் முன்னே தள்ளியது. விடயம் அத்துடன் முடங்கிப்போனது. ஜே.வி.பி. கிளர்ச்சி அடக்கப்பட்ட 1989 காலத்தில் மாத்தளை மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் பின்னாளில் ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ஷ. பிள்ளைகளைத் தேடிய சிங்களத் தாய்மார் அந்தக் குழியின் அருகே வந்து நின்றார்கள். அவர்களுக்கும் பதில் கிடைக்கவில்லை.

அந்த நாட்களிலும் மக்கள் பயந்திருந்தார்கள். ஜே.வி.பி.யின் கொலைகளும் கடையடைப்பு உத்தரவுகளும் ஊர்களை முடக்கியிருந்தன. அந்தப் பயமே படையினருக்குக் கேள்வியற்ற அதிகாரத்தைக் கொடுத்தது. செம்மணி, மன்னார், கொக்குத்தொடுவாய் என்று மனிதப் புதைகுழிகளின் பெயர்களைச் சொல்லும் தமிழ் வாசகர், அந்த வரிசையில் மாத்தளையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாத்தளைத் தமிழருக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1983 ஜூலையில் மாத்தளை நகரத் தமிழரின் கடைகள் எரிந்தன. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து பாதுகாப்புத் தேடி வன்னிக்குப் போன குடும்பங்களில் பல, 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தன. தலைநகரில் எஞ்சியவர்களுக்கும் நிம்மதி இருக்கவில்லை. 2007 ஜூன் 7 அன்று 'பாதுகாப்பு' என்ற காரணத்தைச் சொல்லி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2008, 2009 இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கப்பத்துக்காகக் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்ட வழக்கில் சந்தேகநபர்களாக நின்றவர்கள் கடற்படையினர். முன்னாள் கடற்படைத் தளபதி மீதான குற்றச்சாட்டுகளைத் தொடரப் போவதில்லை என்று 2021 இல் சட்ட மா அதிபர் அறிவித்தார். காவலுக்கு வந்தவரே கப்பம் கேட்ட நகரம் இது.

கையில் இருக்கும் சட்டம்

பிள்ளை கொழும்பில் ஒரு குற்றத்தைக் கண்டாலோ, குற்றத்துக்கு இலக்கானாலோ, சந்தேகத்தில் கைதானாலோ இந்த விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

வாக்குமூலம்: தமிழில் முறைப்பாடு செய்ய அரசியலமைப்பு உரிமை தருகிறது. சிங்களத்தில் எழுதப்பட்டால், அதை விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும் என்றும், திருத்தவோ சேர்க்கவோ இடமளிக்க வேண்டும் என்றும் 1979 இன் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது. விளங்காத தாளில் கையெழுத்து வைக்கக் கூடாது. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

கைது: சாதாரண சட்டத்தின் கீழ் கைதானவரை 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். 1979 இன் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் அமைச்சரின் உத்தரவில் 90 நாட்கள் தடுத்துவைக்க முடியும். தமிழருக்கு எதிராகப் பழகிய இந்தச் சட்டம் இப்போது பாதாளக் குழுச் சந்தேகநபர்கள் மீதும் பயன்படுகிறது. அதை வரவேற்பவர்கள், அது நாளை யார் மீது திரும்பும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சாட்சி: குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2023 இன் 10 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அச்சுறுத்தல் வந்தால் அதற்கான தேசிய அதிகாரசபையிடம் பாதுகாப்புக் கோரலாம்.

சித்திரவதை, சட்டவிரோதத் தடுப்பு: மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம். மாத்தளைக்கு அருகில் கண்டியில் அதன் பிராந்திய அலுவலகம் உண்டு. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அதன் விசாரணைக் காலம் இந்தக் கெடுவில் சேராது. அவசரத்துக்குப் பொலிஸ் இலக்கம் 119.

எதைக் கேட்பது?

கொலை நடந்தால் தூக்குத் தண்டனை கேட்டுக் குரல் எழுகிறது. இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 இல். ஆனால், தண்டனை எவ்வளவு கடுமையானது என்பதைவிட, தண்டனை வருமா என்பதே கூலிக்கொலையாளிக்கு முக்கியம். துப்பாக்கிகளின் கணக்கு எங்கே, படைக் களஞ்சியத்திலிருந்து வெளியேறியவை எத்தனை, காவலில் இறந்த ஒவ்வொருவர் பற்றியும் சுயாதீன விசாரணை நடந்ததா, கொட்டாஞ்சேனைப் பொலிஸ் நிலையத்தில் இரவு பத்து மணிக்குத் தமிழில் முறைப்பாடு எழுத ஒருவர் இருக்கிறாரா என்று மக்கள் கேட்க வேண்டும். பிரதேச சபை உறுப்பினரிடமும் தொழிற்சங்கத்திடமும் வாக்குக் கேட்டு வருபவரிடமும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை.

இரவு கடை பூட்டி நடக்கும் பிள்ளை பாதுகாப்பாக அறைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் மோட்டார் சைக்கிளைக் கண்டு மட்டுமல்ல, பொலிஸ் ஜீப்பைக் கண்டும் அது பயப்படாமல் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் தருவதாகச் சொல்பவர்கள் பாதுகாப்பைத் தருவதில்லை.