ஏரி மனையான கதை

சென்னைக்கு வரலாறு எழுதுகிறவர்கள் 1639-இல் தொடங்குவார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி கடலோரத்தில் ஒரு மணல் துண்டை நாயக்கரிடம் மானியமாகப் பெற்றது, கோட்டை கட்டியது, நகரம் வளர்ந்தது என்பார்கள். நகரம் என்ன செடியா, தானாக வளர? ஏரியைத் தின்றது, சதுப்பைத் தின்றது, வாய்க்காலைத் தின்றது. மண்ணைச் சுமந்து கொட்டியவன் யார், அது கழித்ததை அள்ளியவன் யார் என்ற கேள்வி அந்த வரலாறுகளில் வருவதேயில்லை.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. இந்தச் சங்கிலியைக் காத்தவர்களில் ஒருவன் நீர்க்கட்டி. ராத்திரி மழையில் கரையைச் சுற்றி வருகிறவன், மடை திறக்கிறவன், எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பிரித்து விடுகிறவன். பல ஊர்களில் இது சேரிக்காரன் வேலை. அறுவடைக்குக் களத்தில் கொஞ்சம் நெல் அளப்பார்கள், அதுதான் கூலி. ஊருக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சியவனுக்குச் சொந்த வயல் கிடையாது. ஊர்க் கிணற்றில் வாளி விட உரிமை கிடையாது.

அதனால்தான் ஏரியிருந்த காலம் பொற்காலம் என்று சூழலியல் பேசுகிறவர்கள் சொல்லும்போது நமக்குக் கூடச் சேர்ந்து பேச வாய் வருவதில்லை. குளத்துத் தண்ணீரைத் தொட மகாத்மாக்கள் யாரும் வழிவிடவில்லை. 1927-இல் மகாடில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்த்தான் தொட வேண்டியிருந்தது. கிராமம் அறியாமையின் குகை என்று 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் அவர் சொன்னதும் சும்மா இல்லை. நம் சனம் பட்டணத்துக்கு ஓடி வந்தது பிழைப்புக்கு மட்டுமா? சாதி சொல்லிக் கூப்பிடாத ஒரு தெருவைத் தேடியும்தான்.

ஓடி வரக் காரணம் நிலமின்மை. செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் 1891-இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான், 1892-இல், பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலமும் கைமாறிப் போனது. மீட்கக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1994-இல் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்தார்கள்.

வந்தவர்களுக்குப் பட்டணம் கொடுத்த இடம் எது? ஆற்றோரம், கால்வாயோரம், குப்பைமேட்டோரம். தாது வருசப் பஞ்சத்தில், 1877-78-இல், கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து பக்கிங்காம் கால்வாய்த் துண்டை வெட்டினார்கள். பஞ்ச நிவாரண வேலை அது. கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைத்தார்கள். அந்தப் பஞ்ச வேலைகளுக்கு 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் வைத்த கூலி நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். பட்டினியில் வெட்டியவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அதே கால்வாய்க்குள் 1990களில் பறக்கும் ரயிலுக்குத் தூண் இறக்கினார்கள். தண்ணீர் போகும் வழி சுருங்கியது. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை.

தியாகராய நகர் கதையும் இதுதான். மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் சேர்ந்து நீளமாகக் கிடந்தன. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தினார்கள். 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டில் ஏரியை வடித்து மனை போட்டார்கள். நீதிக்கட்சிக்காரர்களின் பெயர்கள் தெருவுக்கும் பூங்காவுக்கும் வந்தன. 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் அந்த ஏரியிடத்தில்தான் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். அங்கே பட்டா வாங்கியவர் குடியிருப்பவர். கூவத்தோரம் குடிசை போட்டவன் ஆக்கிரமிப்பாளன்.

புறம்போக்கு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வரி விதிப்புக்கு வெளியே நிற்கிற பொது நிலம் அது. ஏரி, வாய்க்கால், மேய்ச்சல், சுடுகாடு எல்லாம் அதில் சேரும். வரி வராததால் சர்க்கார் கணக்கில் அது வீண் நிலமானது. அப்புறம் அதுவே வசவுச் சொல்லாகி நம்மேல் விழுந்தது. நிலத்தைத் தாழ்த்திய வாயும் நம்மைத் தாழ்த்திய வாயும் ஒன்றுதான்.

தெற்கே பள்ளிக்கரணை. 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடந்த சதுப்பு, பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. சுற்றியுள்ள ஏரிகளின் வெள்ளத்தை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடல் பக்கம் அனுப்புகிற வடிகால் அது. அதில் மாநகரக் குப்பையைக் கொட்டினார்கள், சாலை போட்டார்கள், கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். சந்தோசம். ஆனால் அதன் விளிம்பில்தான் 2000-இலிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று அடுக்கடுக்காகக் கட்டி, நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்த சனங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அதிகாரக் கணக்கு. உடனே ஆற்றோரக் குடிசைகள்தான் வெள்ளத்துக்குக் காரணம் என்ற பேச்சு. உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். இறக்கிய இடம்? வெள்ளம் வடிந்து வந்து சேருகிற பள்ளம். வேலை ஒரு மூலை, பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம் ஒரு மூலை.

அந்த வெள்ளம் வடிந்ததும் ஊர் நாறியது. அள்ளுவதற்கு வேறு மாவட்டங்களிலிருந்தும் துப்புரவுத் தொழிலாளர்களைக் கூட்டி வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதி என்று விளக்க வேண்டியதில்லை. மலம் அள்ள வைப்பதற்கு எதிராக 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். சாக்கடைக் குழிக்குள் சாவு நிற்கவில்லை. மடை திறந்தவனின் பேரன் மூடி திறக்கிறான். தண்ணீர் எங்கே தேங்கும், எங்கே ஓடும் என்று இப்போதும் அவனுக்குத்தான் தெரியும். திட்டம் போடுகிற அறையில் அவனுக்கு நாற்காலி இல்லை.

இயற்கையைக் காப்பாற்றுவோம் என்று கூப்பிடுகிறவர்களோடு நாம் போகத்தான் வேண்டும். ஏரி செத்தால் முதலில் நீர் ஏறுவது நம் வாசலில். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போவோம். ஆக்கிரமிப்புப் பட்டியல் எடுக்கிறதானால் ஆற்றோரக் குடிசையில் தொடங்காதே, 1920களின் மனைப்பிரிவில் தொடங்கு. சர்க்கார் கட்டடம், ரயில் தூண், கம்பெனி வளாகம் எல்லாவற்றையும் சேர். எடுக்கிற குடிசைக்கு மாற்று வீடு அதே வட்டாரத்தில் மேட்டு நிலத்தில் கொடு. பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கொடு. இதைப் பேசாமல் ஏரியை மட்டும் மீட்டால், மறுபடி நம்மைக் கரையில் காவலுக்கு நிறுத்தி, களத்தில் நெல் அளப்பார்கள்.