ஆசிரியப் பயிற்சி மானியங்கள் (மதுரை வட்டாரம்)

ஆசிரியப் பயிற்சி மானியம் என்பது, பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் தொழிலைக் கற்றுக்கொள்வதற்கும், கற்ற தொழிலைக் காலத்துக்கேற்பப் புதுப்பித்துக்கொள்வதற்கும் அரசாங்கமோ, அறநிலையமோ, சமயச் சபையோ, தனிப்பட்ட வள்ளலோ அளிக்கும் பொருளுதவியைக் குறிக்கும். பயிற்சிக் காலத்து உபகாரச் சம்பளம், சம்பளத்தோடு கூடிய விடுப்பு, முகாமின் உணவுச் செலவு, பயணப்படி, கற்பித்தல் துணைப்பொருள்களுக்கான சிறு தொகை, உயர்பட்டம் பெற்றவருக்குரிய ஊக்க ஊதியம் ஆகிய யாவும் இதனுள் அடங்கும். மதுரை நகரையும் அதனைச் சூழ்ந்த திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், பேரையூர் முதலிய சமவெளித் தாலுக்காக்களையும் எடுத்துக்கொண்டால், இவ்வகைகளில் பெரும்பாலானவற்றை ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டு வரலாற்றில் ஒருசேரக் காணலாம். அவ்வரலாற்றைப் படிப்போர் ஒவ்வோர் உதவியைப் பற்றியும் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு: அப்பொருள் ஆசிரியரின் கைக்கு வந்து சேர்ந்ததா, அன்றிப் பயிற்சி மன்றத்தின் வாயிலோடு நின்றுவிட்டதா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர், தம் சிறுவயதில் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர் மணலில் எழுதுவதை மேற்பார்த்த அனுபவத்தையே தொழிற்பயிற்சியாகக் கொண்டிருந்தார். பெற்றோர் நெல்லும் காசுமாகக் கொடுத்ததே அவர் வருவாய். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாட்டைச் சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார் கையாண்டு, 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட, ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஆசிரியர்களின் தொகையைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தியதே அம்முறைக்கு அங்கே வாய்த்த பெரிய கவர்ச்சியாகும்.

மதுரையில் ஆசிரியரை உருவாக்குவதற்கென்றே பணம் செலவிடப்பட்டதை அமெரிக்க மதுரை மிஷனின் காலந்தொட்டுத் தெளிவாகக் காண்கிறோம். பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன் சங்கம் 1834-இல் மதுரைக்கு வந்து, 1842-இல் திருமங்கலத்தில் ஒரு செமினரியைத் தொடங்கி, 1845-இல் அதனைப் பசுமலைக்கு மாற்றிற்று. கிராமங்களில் மிஷன் திறந்த சிறு பள்ளிகளுக்கு உபதேசியார்களும் ஆசிரியர்களும் தேவைப்பட்டமையால், மாணவரை விடுதியில் வைத்து ஊட்டி வளர்த்துப் படிப்பிப்பது அதன் நோக்கமாயிற்று. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியும் பின்னர் அங்கேயே அமைந்தது. பெண் ஆசிரியர்களை ஆக்கும் பணியை நகருக்குள் இருந்த கேப்ரன் ஹால் பள்ளி மேற்கொண்டது. வீட்டைவிட்டு வெளிவர வழியற்றிருந்த பெண்களுக்கு, அதிலும் இளவயதில் கணவனை இழந்தவர்களுக்கு, பயிற்சிக் காலத்து உணவும் உறைவிடமும் எவ்வளவு பெரிய மானியமாக இருந்திருக்கும் என்பதைக் கணக்குப் புத்தகத்தின் தொகையைக் கொண்டு அளந்துவிட முடியாது.

1854-இல் சர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி ஆவணம் இத்துறையில் ஒரு திருப்பமாகும். தனியார் பள்ளிகளுக்கு அரசாங்கம் மானியம் தந்து உதவும் முறையும், ஒவ்வொரு மாகாணத்திலும் போதனாமுறைப் பாடசாலைகளை நிறுவி அங்கே பயில்வோருக்கு உபகாரச் சம்பளம் அளிக்கும் முறையும் அதில் வற்புறுத்தப்பட்டன. சென்னையில் 1856-இல் தோன்றிய போதனாமுறைப் பாடசாலையே பிற்காலத்தில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. உபகாரச் சம்பளம் பெற்றவர் குறிப்பிட்ட காலம் ஆசிரியப் பணி ஆற்றுவதாக உறுதி எழுதித் தருவது அக்காலத்து வழக்கம்.

அரசாங்கமும் மிஷனும் ஆங்கிலக் கல்வியின் பொருட்டு இவ்வாறு செலவிட்டுவந்த வேளையில், தமிழாசிரியரைப் போற்றும் பொறுப்பைப் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் ஏற்றார். 1901 செப்டம்பர் 14-ஆம் நாள் இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியின் ஆதரவோடு அவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச்சங்கம், செந்தமிழ்க் கலாசாலையை நடத்தியதோடு, பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் மூன்று படிகளில் தேர்வுகளை வைத்தது. வேறெந்தச் சர்வகலாசாலைப் பட்டமும் இல்லாத ஒருவர் ‘மதுரைப் பண்டிதர்’ என்ற தகுதியோடு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக அமரும் வாய்ப்பு இத்தேர்வுகளால் கிட்டிற்று. கல்வி மானிய விதிகளில் எங்கும் இடம்பெறாத இந்த அறக்கொடை, இவ்வட்டாரத்தில் ஆசிரியர் தொழிலுக்கு ஒரு தனிமனிதர் செய்த மிகப்பெரிய உதவி என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

விடுதலைக்குப் பின் ஆதாரக் கல்வியின் அலை எழுந்தபோது, 1940-இல் கோ. வேங்கடாசலபதி டி. கல்லுப்பட்டியில் தொடங்கிய காந்தி நிகேதனமும், 1947-இல் டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகே தோற்றுவித்த காந்திகிராமமும் ஆசிரியப் பயிற்சியில் ஈடுபட்டன. நூற்பும் தோட்ட வேலையும் கற்பித்தலோடு பிணைந்திருந்த அப்பயிற்சியில், பயில்பவரின் உழைப்பும் நிறுவனத்தின் வருவாயில் ஒரு பங்காகக் கருதப்பட்டது. நகரிலே கருமுத்து தியாகராசச் செட்டியாரின் கொடையால் தியாகராசர் ஆசிரியக் கல்லூரி எழுந்தது.

டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் ஆராய்ந்த இடைநிலைக் கல்விக் குழு, பயிற்சிக் கல்லூரிகளில் கட்டணம் வாங்கலாகாது, பயில்வோர் அனைவருக்கும் உபகாரச் சம்பளம் வேண்டும், ஏற்கெனவே பணியில் இருந்து பயிற்சிக்கு வருபவருக்கு அவர் வாங்கிய சம்பளமே தொடர்ந்து கிடைக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. 1964-66-இல் பணியாற்றிய கோத்தாரி குழுவோ, ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஒவ்வோர் ஆசிரியரும் இரண்டு மூன்று மாதங்கள் பணியிடைப் பயிற்சி பெறவேண்டும் என்றது. இவ்விரு பரிந்துரைகளும் முழுமையாகச் செயலாகியிருக்குமாயின் பின்னாளைய கதை வேறாக இருந்திருக்கும். நாட்கணக்கான பயிற்சியே நடைமுறையில் நிலைத்தது. 1950-களின் இறுதியில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு சென்னை மாநிலத்தில் தொடக்க வகுப்பு ஆங்கில ஆசிரியர் 27,000 பேரைத் திருத்திப் பயிற்றுவிக்க நடந்த முயற்சி, உலக ஆங்கிலக் கல்வி இலக்கியத்தில் ‘மதராஸ் பனிப்பந்து’ என்று பெயர் பெற்றுள்ளது. முதலில் சிலர் பயின்று, அவர்கள் பலருக்குப் பயிற்றுவித்து, அப்பலர் மேலும் பலருக்குக் கற்பித்து, உருண்டு வரும் பனிப்பந்து பெருப்பதுபோலத் தொகை பெருகும் என்பது அதன் கணக்கு. பனியைக் கண்டறியாத மதுரைச் சமவெளியில் இன்றுவரை நடந்துவரும் பயிற்சிகளின் அமைப்பும் அடிப்படையில் அதுவே: மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டாரக் கருத்தாளர், ஆசிரியர் என்று படிப்படியாக இறங்கிவரும் வழியில், கையேட்டின் சொற்கள் சிதையாமல் வந்து சேர்கின்றன. ஆனால் முதல் வகுப்பில் அச்சொற்களைப் பயன்படுத்தியவர் பெற்ற அனுபவம் வந்து சேர்வதில்லை. ஆசிரியர் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டால், கருத்தாளர் மீண்டும் அக்கையேட்டையே புரட்டவேண்டியிருக்கிறது.

ஆசிரியர் தாமே தேர்ந்து பயில இடமளித்த உதவியாக ஊக்க ஊதியத்தைக் கூறலாம். 1966-இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியதும், தென் மாவட்டத்து ஆசிரியர்கள் பள்ளி முடிந்த மாலைகளில் தபாலில் வந்த பாடங்களைப் படித்து முதுகலைப் பட்டம் பெறத் தலைப்பட்டனர். கூடுதல் தகுதி பெற்றவருக்கு அரசு ஊக்க ஊதிய உயர்வு அளித்துவந்தது. பட்டத்துக்கும் வகுப்பறைக்கும் தொடர்பில்லை என்ற குறை இத்திட்டத்தின்மீது கூறப்பட்டதுண்டு. 2020-இல் இவ்வுயர்வு நிறுத்தப்பட்டு, பின்னர் அதனிடத்தில் ஒரே தடவை வழங்கும் தொகை அறிவிக்கப்பட்டது. குறை ஓரளவு மெய்யேயாயினும், இரவில் விழித்துப் படித்த ஆசிரியரின் முயற்சிக்கு ஆயுள் முழுதும் மதிப்பளித்த ஏற்பாடு போய்விட்டதை எளிதாகக் கொள்ளலாகாது.

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, மத்திய அரசின் நிதியால் மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. மதுரை மாவட்டத்துக்குரியது, காந்தியப் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதி நாட்களைக் கழித்த அதே டி. கல்லுப்பட்டியில் அமைந்தது. பணிமுன் பயிற்சி, பணியிடைப் பயிற்சி, கலைத்திட்டம், கல்வித் தொழில்நுட்பம் முதலான ஏழு பிரிவுகள் இந்நிறுவனங்களுக்கென வகுக்கப்பட்டன. ஆசிரியர் தம் வகுப்பில் கண்ட ஒரு சிக்கலைத் தாமே ஆராய்ந்து எழுதும் செயலாராய்ச்சிக்கும் இவை இடமளிக்கின்றன. மேலூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் அங்கே செல்வதாயின், விடியலில் மதுரைக்கு வந்து, திருமங்கலம் வழியாக இராஜபாளையம் சாலையில் கரிசல் நிலத்தைக் கடந்து போகவேண்டும். நாலைந்து மணிநேரப் பயணத்தைச் சேர்த்தே அவர் பயிற்சி நாள் கணக்காகிறது.

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கமே மானியத்தை ஒவ்வொரு பள்ளி வாசலுக்கும் கொண்டுவந்தது. ஒன்றியந்தோறும் வட்டார வள மையமும், சில பள்ளிகளுக்கு ஒன்றாகக் குறுவள மையமும், அவற்றில் ஆசிரியர் பயிற்றுநர்களும் அமர்த்தப்பட்டனர். ஆண்டுக்கு 20 நாள் பணியிடைப் பயிற்சியும், அதற்கு ஆசிரியர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 70 ரூபாயும் அத்திட்டத்தின் தொடக்க கால விதி. 2007-08-இல் செயல்வழிக் கற்றல் தமிழகம் முழுதும் பரவியபோது, அட்டைகளையும் ஏணிப்படியையும் தரையில் அமர்ந்து கையாளும் முறையை ஆசிரியர்கள் இம்மையங்களில் கற்றனர். இவற்றோடு, கற்பித்தல் துணைப்பொருள் செய்துகொள்ள ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 500 ரூபாய் தனியே வழங்கப்பட்டது.

அந்த 500 ரூபாயைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. அதைக் கொண்டு ஆசிரியை ஒருவர் சனிக்கிழமை மாலையில், அந்நாளில் மதுரைப் புது மண்டபத்தில் இருந்த கடைகளிலும் மாசி வீதிகளிலும் சார்ட் அட்டை, வண்ணப் பேனா, தெர்மாகோல், பசை, மின்னட்டைக்கான கெட்டித் தாள் என்று வாங்குவார். எண்ணுவதற்குப் புளியங்கொட்டையும் சோழியும் வீட்டிலிருந்தே வந்துவிடும். ரசீதுகளை ஒட்டி, இருப்புப் பதிவேட்டில் எழுதி, தலைமையாசிரியரின் கையொப்பம் பெறவேண்டியிருந்தது. தொகை அற்பமானதுதான். ஆனால் தம் வகுப்பில் பின்தங்கிய நான்கு பிள்ளைகளுக்கு ‘ண’கரமும் ‘ன’கரமும் குழம்புகின்றன என்பதை அறிந்தவர் அந்த ஆசிரியை ஒருவரே; அக்குழப்பத்துக்கு என்ன வாங்கலாம், என்ன செய்யலாம் என்று தாமே தீர்மானிக்கும் உரிமையை அவருக்குத் தந்தது அந்தச் சிறு தொகை. மாவட்டக் கருவூலத்திலிருந்து கோடிக்கணக்கில் போன பிற செலவுகள் எவற்றாலும் அவ்வுரிமை அவருக்குக் கிடைத்ததில்லை.

2018-இல் அனைவருக்கும் கல்வி இயக்கமும், இடைநிலைக் கல்வித் திட்டமும், ஆசிரியர் கல்வித் திட்டமும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமாக ஒன்றாயின. மத்திய அரசு நூற்றுக்கு 60, மாநில அரசு 40 என்னும் வீதத்தில் செலவு பகிரப்படுகிறது. மாணவர் தொகைக்கேற்பப் பள்ளிக்கு வழங்கும் ஒட்டுமொத்த மானியமே அதில் முதன்மை பெற்றது. 2019-இல் 42 இலட்சம் ஆசிரியர்களைக் குறியாகக் கொண்ட நிஷ்டா பயிற்சியும், 2022-இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கான பருவப் பயிற்சிகளும் தொடர்ந்தன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணிநேரப் பயிற்சியை விதிக்கிறது. சிங்கப்பூரில் தமிழாசிரியர் உட்பட எல்லா ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 100 மணிநேரம் உரிமையாக ஒதுக்கப்பட்டுள்ளது. 2024-25-இல் ஒருங்கிணைந்த திட்டத்தின்கீழ்த் தமிழகம் எதிர்பார்த்த சுமார் 2,152 கோடி ரூபாய், பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டம் பற்றிய இணக்கமின்மையால் மத்திய அரசிடமிருந்து வராமல் நின்றபோது, பயிற்றுநர்களின் சம்பளம் முதல் பயிற்சி முகாம்கள்வரை எத்தனை செயல்கள் இந்த ஒரே வாய்க்காலை நம்பியிருந்தன என்பது யாவருக்கும் விளங்கிற்று.

சிறந்த ஆசிரியரைத் தேர்ந்து உதவும் வகையும் உண்டு. மாநிலத்தின் கனவு ஆசிரியர் திட்டத்தில் 2023-இல் 380 பேர் தேர்வு பெற்று, அவர்களுள் ஒரு பகுதியினர் 2024-இல் பிரான்ஸ் நாட்டுக்குக் கல்விப் பயணம் சென்றுவந்தனர். 1950 முதல் இயங்கும் இந்திய-அமெரிக்கக் கல்வி அறக்கட்டளையின் வழியே ஃபுல்பிரைட் உதவி பெற்று அமெரிக்கப் பள்ளிகளில் சில காலம் தங்கிவரும் வாய்ப்பும் இந்திய ஆசிரியர்க்குத் திறந்திருக்கிறது.

இவ்வனைத்துக்கும் அடியில் தீராதிருக்கும் சிக்கல் ஈராசிரியர் பள்ளியினுடையது. பேரையூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஐந்து வகுப்புக்கும் இருவரே ஆசிரியர் எனில், ஒருவர் வருகைச் சான்று பெற வள மையத்தில் அமர்ந்திருக்கும் நாளில், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஓர் அறையில் வைத்துக்கொண்டிருப்பார். உணவுக்கும் பயணத்துக்கும் கருத்தாளருக்கும் விதியில் தொகை இருக்கிறது. பயிற்சிக்குச் சென்றவரின் இடத்தில் அன்று பாடம் நடத்துபவருக்கு இல்லை. பயிற்சி மானியம் வகுப்போர் அம்மாற்று ஆசிரியருக்கு ஒரு தொகையையும், ஒவ்வோர் ஆசிரியரும் தம் விருப்பப்படி செலவிடத்தக்க, இன்றைய விலைவாசிக்கேற்ற ஒரு தொகையையும் முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக் கொண்டு முகாம்களை நடத்துவார்களாக.