கர்ப்பூரம் தந்த கானவர்

குடமுழுக்கு மலருக்குக் கட்டுரை வேண்டுமென ஆலயத்தார் அன்புடன் பணித்தபோது, தலவரலாறும் திருப்பணி விவரமும் ஜொகூர் ரெங்கத்து அன்பர்கள் நன்கறிந்தவையாதலின், இவ்வட்டாரத்தில் ரப்பர்க் கன்று ஊன்றப்படுவதற்கு முன்பே இவ்வனங்களை ஆண்டு வாழ்ந்த ஜாகூன் மக்களைப் பற்றி எழுதுவதே தக்கதெனக் கொண்டேன். குறவர்குலக் கொடியாம் வள்ளியை நாடித் தினைப்புனம் தேடி வந்தவன் நம் முருகப்பெருமான். வேட்டுவக் கண்ணப்பரை அடியார் திருக்கூட்டத்தில் வைத்துப் பாடியவர் சேக்கிழார். கானவரைப் போற்றுதல் நமக்குச் சமய தர்மமே ஆகும்.

தெய்வம், உணவு, மரம், பறை, தொழில் எனத் தொல்காப்பியர் வகுத்த கருப்பொருள் நெறியில் நோக்கினால், ஜாகூனரின் பெருமைக்குரிய மரம் கர்ப்பூர மரம். ஸ்கீட், பிளாக்டன் என்னும் அறிஞர் இருவர் 1906-இல் வெளியிட்ட பெருநூல் ஜாகூனர்தம் நியமத்தை விரித்துரைக்கிறது. கர்ப்பூரம் நாடி வனம் புகுவோர் அன்றாடச் சொற்களை அறவே துறந்து, அதற்கென்றே வழிவழி வந்த 'பந்தாங் காப்பூர்' என்னும் மொழியில் மட்டும் பேசினர். உணவிலும் விலக்குக் காத்தனர். பீசான் என்னும் கர்ப்பூர தேவதை சிள்வண்டு வடிவில் பாடுமென்றும், அக்குரல் கேட்குமிடத்தே கர்ப்பூரம் உண்டென்றும், வழக்கச் சொல்லைப் பேசினால் அது கிட்டாதென்றும் நம்பினர். தைப்பூசக் காவடிக்கு நோன்பிருப்போரின் ஆசாரத்துக்கு இஃது எள்ளளவும் குறைந்ததன்று. கர்ப்பூரம் நம் இலக்கியமும் அறிந்ததே. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் அடுக்கும் கர்ப்பூர வகைகளுள் 'வாரோசு' ஒன்று. அது சுமத்திராவின் பாருஸ் துறையிலிருந்து வந்தது. அங்கும் ஜொகூரிலும் வளர்வது ஒரே இன மரம். கஹாங் வழியே எண்டாவு-ரொம்பின் வனம் காணச் செல்லும் நம் இளைஞர், கம்போங் பெத்தாவில் வாழும் ஜாகூன் பெரியோரை வணங்கி, அவர் வாய்மொழியைக் கேட்டு வருவாராக.

வாழ்நிலத்தை இழந்த துயர் ஜாகூனருக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்கச் செரோக்கியர், சீக்குவோயா 1821-இல் வகுத்த எழுத்தைக் கொண்டு 1828-இல் பத்திரிகையே நடத்தியவர். 1832-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றும், 1838-இல் படைகொண்டு மேற்கே துரத்தப்பட்டு, வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஜொகூரிலோ நீதிமன்றத் தீர்ப்பு பயன் தந்தது. இங்கு, சிங்கப்பூருக்கு நீர் தரும் லிங்கியு அணைத் திட்டத்தால் வனமிழந்த 52 ஜாகூன் குடும்பங்களுக்காக ஆடோங் பின் குவாவ் வழக்குரைத்தார். கனடா, ஆஸ்திரேலியா நாடுகளின் பழங்குடித் தீர்ப்புகளைத் துணைக்கொண்டு, 1996-இல் உயர் நீதிமன்றம் 2 கோடியே 65 லட்சம் வெள்ளி இழப்பீடு விதித்தது. மூதாதையர் நிலம், வனத்தில் நடமாடும் சுதந்திரம், வனப்பொருள், சந்ததியாரின் பிற்கால வாழ்வு ஆகிய அனைத்தின் இழப்பையும் கணக்கிற்கொண்ட அத்தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998-இல் உறுதி செய்தது.