வரிசையில் நின்ற லாரியும் ஆடுபுலி ஆட்டமும்

பொருள்நோக்கு நிரலாக்க நூல்கள் பலவும் நாயையும் பூனையையும் காட்டித் தொடங்குகின்றன. இரண்டும் விலங்கு, ஆகவே ‘விலங்கு’ வகுப்பின் பண்புகளை மரபுரிமையாகப் பெறும் என்பர். இக்கருத்து பிறந்த வரலாறோ வேறு.

ஒஸ்லோவின் நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் சிமுலா மொழியை விரித்துக்கொண்டிருந்தனர். அது 1966-67 பனிக்காலம். அவர்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, பாலத்துச் சுங்கச்சாவடி ஒன்று. லாரியும் பேருந்தும் அங்கே ஒரே வரிசையில் நிற்கவேண்டும். செம்பூரிலிருந்து மான்குர்த் வழியே வாஷிப் பாலம் ஏறுவோர்க்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. வரிசையில் கோக்கும் ‘கண்ணி’யை ஒருமுறை எழுதி, ஒவ்வொரு வண்டியின் வரையறையோடும் ஒட்டிவிடுவதே அவர்கள் கண்ட வழி. அதற்கு அவர்கள் இட்ட பெயர் மரபுரிமை அன்று, முன்னொட்டு! லாரி வகுப்பின் முன்னால் கண்ணி வகுப்பின் பெயர் எழுதப்பட்டது. மொழியியல் மாணவர்க்கு இச்சொல் உவப்பளிக்கும்.

சிமுலா 67-இல் ‘விர்ச்சுவல்’ செயல்முறைகளும் வந்தன. பொது வகுப்பு அறிவிக்கும் செயலை வழிவகுப்பு தன் போக்கில் எழுதிக்கொள்ளலாம், இதுவே மேலெழுதல். 2024 அக்டோபரில் மும்பை நுழைவாயில்களில் இலகு வாகனங்களுக்குச் சுங்கம் நீக்கப்பட்டது. கட்டணம் எவ்வளவு என்னும் கேள்வி எல்லா வண்டிக்கும் இன்றும் ஒன்றுதான். காரின் விடை மட்டும் சுழியம்.

ஆடுபுலி ஆட்டத்தைக் கணினியில் அமைப்பவர்க்கு இவ்வரலாறு பயன்படும். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி என்பது பரவலான வடிவம். ‘காய்’ வகுப்பு தான் நிற்கும் புள்ளியை அறியும். அடுத்துள்ள வெற்றுப் புள்ளிகளைத் தன் நகர்விடங்களாகத் தரும். ஆடு அதனை அப்படியே ஏற்கிறது. (எல்லா ஆடுகளும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது என்பது ஆட்டத்தின் விதி, அதனைக் காய்க்குள் திணிக்கலாகாது.) புலி மேலெழுதுகிறது: பொது விடையைப் பெற்று, ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் அப்பால் உள்ள வெற்றுப் புள்ளியையும் சேர்த்துக்கொள்கிறது. காய் எதுவென்று கேளாமலே பலகை நகர்விடங்களைப் பெறுகிறது.

ஆடும் புலியும் விலங்கு என்பது இங்கே பொருட்டே அன்று. புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் வைத்தாலும் வகுப்பு மாறாது. ஆடு செய்வதெல்லாம் புலியும் செய்கிறதே என்று புலியை ஆட்டின் வழிவகுப்பாக்கத் தோன்றும். நிரல் சில வரி குறையும்தான். ஆனால் தாண்டுமுன் ‘இது ஆடா?’ என்று சோதிக்கும் வரி அடுத்திருக்கும் புலிக்கும் ‘ஆம்’ என்று விடை தரும். புலி புலியையே வெட்டும்.