ஆணி இருந்தும் கயிறு

கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபுறம் இந்து சமுத்திரமும் மறுபுறம் புத்தளம் களப்புமாகக் கிடக்கும் மாம்புரியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. 2010இல் அங்கே 10 மெகாவாட் காற்றாலை நிலையம் எழுந்ததும் அதனால்தான். காற்றும் அலையும் உலுக்கும் கரைகளில் ஒன்றோடொன்றைக் கழலாமல் பிணைப்பதற்கு முன்னோர் கண்ட வழி தும்புக் கயிறு. கட்டுமரத்தின் மரங்களைக் கயிறே சேர்த்துப் பிடித்தது. சிங்களத்தில் ‘ஒருவ’ எனப்படும் தோணியில், குடைந்த அடிமரத்தின்மேல் பலகைகளைத் துளையிட்டுத் தைத்தார்கள். பக்கத்தே மிதக்கும் கட்டையையும் குறுக்குக் கழிகளோடு கயிற்றாலேயே இறுக்கினார்கள். ஆணி கிடைக்காதவர்களின் வேலை என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஆணி இருந்தும் கயிற்றைத் தெரிந்தெடுத்தார்கள் என்றே சான்றுகள் சொல்கின்றன.

இந்தியக் கடலின் கப்பல்கள் கயிற்றால் கட்டப்பட்டதற்கு இரும்பின்மையே காரணம் என்று 6ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியஸ். காந்தப் பாறைகள் ஆணிகளை இழுத்துவிடும் என்ற கதையை அவர் நம்பாதது சரி. சொன்ன காரணம்தான் பிழை. அநுராதபுரத்தில் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இரும்பு புழங்கியது. பின்னாளில் சமனலவெவ மலைச்சரிவுகளில் பருவக்காற்றையே உலைக்குள் பாயவிட்டு எஃகு எடுத்தார்கள். 1344இல் மாலைதீவிலிருந்து வந்து, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியிலிருந்த புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா, தைத்த கப்பலுக்கு வேறு காரணம் தருகிறார்: பாறையில் மோதினால் ஆணியடித்த கப்பல் உடையும், கயிற்றால் தைத்தது நெகிழ்ந்து கொடுக்கும்.

இதே கணக்கு இன்று ட்ரோனிலும் வருகிறது. 2016 ஒக்ரோபரில் கோப்ரோ நிறுவனம் விற்பனைக்கு விட்ட ‘கர்மா’ ட்ரோன்கள் சில பறக்கும்போதே மின்சாரம் அற்று விழுந்தன. இரண்டு வாரம் கழிந்ததும், நவம்பர் 8ஆம் திகதி, ஏறத்தாழ 2,500 ட்ரோன்களையும் நிறுவனம் திரும்பப் பெற்றது. பற்றரியைப் பிடித்திருந்த தாழ் அதிர்வில் நழுவியதே காரணம் என்று தெரிந்தது. 2017 பெப்ரவரியில் தாழைத் திருத்தி மீண்டும் விற்றார்கள். தாமே ட்ரோன் கட்டிப் பறக்கவிடுவோரோ பற்றரியின் அடியில் வழுக்காத ரப்பர் தாள் ஒட்டி, மேலே வெல்குரோ பட்டையைச் சுற்றி இறுக்குகிறார்கள். தாழ் பூட்டும் இடம் ஒன்றே. அங்கே மயிரிழை தேய்ந்தாலும் பிடி போய்விடும். பட்டையோ பற்றரியைச் சுற்றிய நீளம் முழுவதும் பிடிக்கிறது, அதிர்வோடு சற்று இழுபட்டுக் கொடுக்கிறது.

கயிறு உக்கும், பட்டை தேயும் என்பது நியாயமான மறுப்பு. தைத்த தோணியைக் காலத்துக்குக் காலம் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. அந்தக் கூலியும் நேரமும் மிச்சமானதால்தான் கண்ணாடியிழைப் படகு வென்றது. காபன் சட்டத்தின் கூரிய விளிம்பு பட்டையை அறுக்கும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் லித்தியம் பற்றரியின் மெல்லிய உறை நசுங்கும். ஆனாலும் நைந்த கயிறும் பிசிறிய பட்டையும் பழுதைக் கண்ணுக்கு முன்கூட்டியே காட்டுகின்றன. மூடிக்குள் இருக்கும் தாழின் தேய்வு பெரும்பாலும் விழுந்த பிறகே தெரிகிறது. அதனால் தாழ் வேண்டாம் என்றாகாது. தாழ் இருந்தாலும் பட்டையும் வேண்டும், பறக்கவிடுமுன் அதைக் கையால் இழுத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.