பெருங்கற்கால ஈமச்சின்னங்களை அடையாளம் காணுதல்: சூளகிரி வட்டாரம்

பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் என்பவை இறந்தோரின் எலும்புகளையும் அவர்களுக்குரிய படையல் பொருள்களையும் வைத்து, மேலே கல்லாலும் மண்ணாலும் எழுப்பிய அமைப்புகள். தமிழகத்தில் இவை பெரும்பாலும் இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சூளகிரி, ஓசூர் பகுதிகளில் பாறைச் சரிவுகளிலும் குன்றடிகளிலும் இவை இன்றும் காணப்படுகின்றன. தொழிற்பூங்காக்கள், கல்குவாரிகள், வீட்டுமனைகள், சாலைகள் பெருகிவரும் பகுதி இது. எனவே அகழாய்வு நடக்கும் வரை காத்திராமல், நிலத்தின் மேல் தெரியும் தடயங்களைக் கொண்டே இவற்றைக் கண்டு பதிவு செய்வது மிக அவசியமாகிறது.

மல்லசந்திரம்

சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையில் உள்ளது சாமல்பள்ளம். அங்கிருந்து உள்ளே செல்லும் வழியில் உள்ள மல்லசந்திரம், இவ்வட்டாரத்தின் முதன்மையான சான்று. மோரல் பாறை எனப்படும் குன்றின் மேல் நூற்றுக்கும் மேற்பட்ட கல்திட்டைகள் கூட்டமாக உள்ளன. பலகைக் கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லை ஏற்றியிருக்கிறார்கள். சிலவற்றைச் சுற்றி, தலைப்பகுதி அரைவட்டமாகச் செதுக்கிய பலகைகள் வட்டமாக நிற்கின்றன. இங்குள்ள திட்டைகள் தரைக்கு மேலேயே நிற்பதால் எளிதில் கண்ணில் படுகின்றன. மாவட்டத்தின் மற்ற இடங்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள் புதைந்தே கிடக்கின்றன.

வகைகள்

தென்னிந்தியப் பெருங்கற்கால அமைப்புகளின் பெயர்களை 1949இல் வி. டி. கிருஷ்ணசாமி ஒழுங்குபடுத்தினார். களத்தில் காணப்படும் முக்கிய வகைகள்:

கற்குவை: குழியின் மேல் சிறு கற்களைக் குவித்த மேடு.
கல்வட்டம்: குழியையோ குவையையோ சுற்றிப் பெரிய கற்களைப் பதித்த வளையம். இரண்டும் சேர்ந்திருப்பதே மிகுதி.
கற்பதுக்கை: பலகைக் கற்களால் நிலத்துக்குள் அமைத்த அறை. ஒரு பக்கப் பலகையில், பெரும்பாலும் கிழக்கில், இடுதுளை எனப்படும் வட்டத் துளை இருக்கும்.
கல்திட்டை: அதே அறையைத் தரைக்கு மேல் எழுப்புவது.
நெடுங்கல்: தனித்து நிறுத்திய உயரமான கல்.
தாழி, ஈமப்பேழை: சுட்டமண் கலங்கள். மேலே கல் அடையாளம் இல்லாமலும் இவை புதைந்திருக்கலாம்.

இடத்தேர்வு

ஈமக்காடு பெரும்பாலும் உழவுக்கு உதவாத நிலத்திலேயே அமைந்திருக்கிறது. குன்றின் அடிவாரம், மேல்மண் குறைந்த பாறைத் திட்டு, ஏரிக்கோ ஓடைக்கோ மேலே உள்ள சரிவு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பலகைக் கற்கள் அருகிலேயே கிடைத்ததும் இத்தேர்வுக்கு ஒரு காரணம். இவ்வட்டாரத்து நைஸ், கருங்கல் பாறைகள் அடுக்கடுக்காகப் பிரியக்கூடியவை. ஒரு சின்னம் கிடைத்தால் சுற்றிலும் தேட வேண்டும். இவை தனியே இருப்பது அரிது. அக்கால மக்கள் வாழ்ந்த மேடும் தொலைவில் இராது. கர்நாடகத்தின் பிரம்மகிரியில் 1947இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, வாழ்விடத்தையும் அதை ஒட்டிய ஈமக்காட்டையும் சேர்த்தே ஆராய்ந்தது.

ஊர் மக்களின் வழக்குப் பெயர்களும் வழிகாட்டும். பாண்டவர் குழி, குள்ளர் வீடு, வாலியர் வீடு என்று தமிழகத்திலும், மோரியர் மனை என்று கர்நாடகத்திலும் இவை அழைக்கப்படுகின்றன. ஆடு மேய்ப்பவர்களிடம் இப்பெயர்களைச் சொல்லிக் கேட்பது வரைபடத்தைப் பார்ப்பதைப் போலவே பயன் தரும்.

நிலத்தின் மேல் தெரியும் தடயங்கள்

மண்ணுக்கு மேல் சிறிதே தலைகாட்டும் உருண்டைக் கற்கள் வளைவாகத் தொடர்ந்தால், அவ்வளைவு வட்டமாக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வட்டத்தின் நடுவே தரை சற்று உயர்ந்திருந்தால் குவை இருக்கலாம். பள்ளமாக இருந்தால் உள்ளறை சரிந்திருக்கலாம், அல்லது புதையல் தேடியவர்கள் தோண்டியிருக்கலாம். நேர்க்கோட்டில் எட்டிப்பார்க்கும் பலகைகளின் விளிம்புகள் பதுக்கையின் சுவராக இருக்கலாம். ஒரு பலகையின் முனை அடுத்த பலகையைத் தாண்டி நீண்டு நிற்பது, சுவர்கள் உள்ளே சாயாமலிருக்க அமைத்த முறை. கறுப்பு சிவப்பு மட்கல ஓடுகளும் துருவேறிய இரும்புத் துண்டுகளும் அருகில் கிடந்தால் உறுதி கூடுகிறது. புல்லும் உன்னிச்செடியும் காய்ந்த கோடையில், காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் மேடுபள்ளங்கள் தெளிவாகத் தெரியும்.

மயக்கம் தருபவை

உழவர்கள் வயலில் பொறுக்கிய கற்குவியல்கள் வரப்பை ஒட்டிக் கிடக்கும். அவற்றுக்குச் சுற்றுவட்டம் இராது. பழைய ஆட்டுப்பட்டியில் கற்கள் தரைமேல் அடுக்கப்பட்டிருக்கும், பதிக்கப்பட்டிருக்காது; வாயிலும் இருக்கும். இயற்கையாகத் தோலுரிந்த பாறைப் பலகைகள் தாய்ப்பாறையோடு பொருந்தும். குவாரிக் கழிவில் துளையிட்ட தடமும் கூரிய புது விளிம்பும் தெரியும். இம்மாவட்டத்தில் ஏராளமாக உள்ள நடுகற்களுக்கு மூன்று பலகைகளால் சிறு கல்வீடு கட்டும் வழக்கம் உண்டு. அது கல்திட்டை போலவே தோன்றும். உள்ளே வீரனின் புடைப்புருவமோ எழுத்தோ இருந்தால் அது பிற்கால நினைவுச்சின்னம். ஒற்றைத் தடயத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. வட்டம், இடம், ஓடு, கூட்டம் ஆகிய நான்கும் சேரும்போதே அடையாளம் வலுப்பெறுகிறது.

காலம்

இதே மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2021இல் அகழாய்வு நடத்தியது. இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரியின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டு, 2022 மே மாதம் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டச் சிவகளையின் கி.மு. 3345, திருவண்ணாமலை மாவட்டக் கீழ்நமண்டி ஈமப்பேழையின் கி.மு. 1692 ஆகிய கணிப்புகள் 2025 ஜனவரியில் வெளியாயின. ஓரிடத்தின் காலத்தை இன்னோரிடத்துக்கு ஏற்றிச் சொல்ல முடியாது. சூளகிரிப் பகுதிச் சின்னங்களின் வயதை அவற்றின் உள்ளிருந்து எடுக்கும் மாதிரிகளே சொல்ல முடியும். கலைக்கப்பட்ட குழியிலிருந்து நம்பத்தக்க மாதிரி கிடைக்காது.

பதிவும் பாதுகாப்பும்

கண்டவர் செய்ய வேண்டியவை எளியவை: அளவுகோல் வைத்துப் படம் எடுத்தல், ஜிபிஎஸ் புள்ளியும் புல எண்ணும் குறித்தல், வட்டத்தின் குறுக்களவையும் துளையின் திசையையும் எழுதுதல், ஓடுகளைக் கிடந்த இடத்திலேயே விடுதல். பிறகு கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தம் வகுத்துள்ளது. பட்டியலில் ஏறாத ஈமக்காடுகளுக்கு இந்த எல்லை இல்லை. ஆகவே நிலம் கையகப்படுத்துவதற்கும் குவாரி உரிமம் வழங்குவதற்கும் முன்பே தொல்லியல் கள ஆய்வு நடத்துவதும், ஊர்தோறும் இச்சின்னங்களைப் புல எண்ணோடு பட்டியலிடுவதும் இவ்வட்டாரத்தின் உடனடித் தேவைகள்.