துளி சொன்ன உண்மை

சிறுதுளி பெருவெள்ளம் என்பது நம் முன்னோர் மொழி. வெள்ளத்தை நாம் அறிவோம். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்த் தெருக்களில் நீர் புகுந்ததை மதுரை மக்கள் மறந்திலர். ஆயின், துளியை நாம் கண்டிருக்கின்றோமா? விழுகின்ற துளியின் உருவத்தை மனிதன் கண்டறிந்த வரலாறு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளே பழமையானது.

இங்கிலாந்து நாட்டு இயற்பியல் அறிஞர் ஆர்தர் வொர்திங்டன் 1870-களில் இவ்வாய்வைத் தொடங்கினார். இருட்டறையில் பால் துளியையும் பாதரசத் துளியையும் தகட்டின்மீது விழச் செய்வார். மின்பொறி ஒரு கணம் ஒளிரும். அக்கணத்தில் கண்ணில் பதிந்ததை உடனே தாளில் வரைவார். மீண்டும் அதே உயரத்திலிருந்து மற்றொரு துளி. பொறி மட்டும் சற்றே பிந்தி ஒளிரும். இவ்வாறு பல துளிகளைக்கொண்டு ஒரு சிதறலின் படிகளை வரிசைப்படுத்தினார். அவர் வெளியிட்ட ஓவியங்கள் பேரழகு வாய்ந்தவை. கதிர்கள் யாவும் சம இடைவெளியில், மணிமுடிபோல் ஒழுங்குற அமைந்திருந்தன.

1894-இல் அவர் நிழற்படக் கருவியின் துணையை நாடினார். படங்கள் வேறொன்றைக் காட்டின. கதிர்கள் கோணலாயிருந்தன, ஒருபுறம் நீண்டும் மறுபுறம் குறுகியும் நின்றன. அவர் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினார். ஒழுங்கற்ற உருவங்களை அவர் கை அன்றே வரைந்திருந்தது! ஆயினும், அவை தற்செயலான பிழைகள் எனக் கருதி, ஒழுங்கானவற்றையே தேர்ந்து வெளியிட்டிருந்தார். இதனை அவர் மறைக்கவில்லை. தம் நூலிலேயே வெளிப்படையாக எழுதிவைத்தார். பின்னாளில், 1957-இல், அமெரிக்கரான ஹெரால்டு எட்ஜர்டன் எடுத்த பால்துளி மகுடத்தின் வண்ணப்படம் உலகப் புகழ் பெற்றது. அதற்கு வழிதிறந்தோருள் முன்னவர் வொர்திங்டனே.

கண் பொய் சொல்லவில்லை. கண்டதில் நமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கியெடுக்கும் மனமே பொய் சொல்கின்றது. இது துளிக்கு மட்டுமா பொருந்தும்? செல்லூர்க் கண்மாய் என்றதும் கரையும் மடையும் கலிங்கும் உடைய ஓர் ஓவியம் நம் நெஞ்சில் எழுகின்றது. அக்கண்மாயின் உபரிநீரை வைகைக்குக் கொண்டுசெல்லும் பந்தல்குடி வாய்க்காலோ கழிவுநீரையும் குப்பையையும் சுமந்து வந்தது. நாள்தோறும் அதனைக் கடந்து சென்ற நாம் அதைக் கண்டிலமா? கண்டோம்; கணக்கில் கொள்ளவில்லை. வெள்ளம் வாசலுக்கு வந்தபின்னரே வாய்க்கால் நினைவுக்கு வந்தது.

கோணலைக் கோணலென்றே ஏற்றுக்கொண்ட அறிஞரின் நேர்மை நமக்கும் வேண்டும். உள்ளதை உள்ளபடி காண்பதே அதனைச் சீர்செய்யும் பணியின் முதற்படியாகும்.